மொராக்கோ போட்ட ஆறு விண்ணப்பங்கள்

உலகக் கோப்பைக் கால்பந்தை எங்கள் ஊரில் நடத்துகிறோம் என்று ஐந்து தடவை போய்க் கேட்டு, ஐந்து தடவையும் வெறுங்கையோடு திரும்பிய நாடு எது தெரியுமா? பிரேசில், இங்கிலாந்து என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். மொராக்கோ. ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், ஸ்பெயினிலிருந்து ஒரு குறுகலான ஜலசந்தி மட்டும் தள்ளி இருக்கிற நாடு. 1988, 1992, 2000, 2004, 2018... இதெல்லாம் அது தோற்ற வருடங்கள். ஆறாவது தடவை கிடைத்தது. 2030 உலகக் கோப்பையை ஸ்பெயின், போர்ச்சுக்கலோடு சேர்ந்து நடத்தும் உரிமை 2024 டிசம்பர் 11 அன்று உறுதியானது.

கதை அங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பத்து மாதம்கூட ஆகவில்லை, அந்த நாட்டு இளைஞர்களே தெருவுக்கு வந்து, "ஸ்டேடியம் இருக்கிறது, ஆஸ்பத்திரி எங்கே?" என்கிற மாதிரி கேட்டார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரு நாடு கேட்டுக்கொண்டிருந்த வரம் கையில் வந்து சேர்ந்த நேரத்தில் ஏன் இந்தக் கேள்வி? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கால்பந்து பிடிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம், ஆஃப்சைடு விதியெல்லாம் வராது :-)

மண்டகப்படி

முதலில் இந்த "கேட்பது" என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் மண்டகப்படி என்று ஒன்று உண்டே, ஏறக்குறைய அதுதான். பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தாரோ ஒரு தெருக்காரர்களோ பொறுப்பு. அன்றைக்கு சாமி அவர்கள் மண்டபத்தில் வந்து இறங்கும். பந்தல், விளக்கு, மேளம், அன்னதானம் எல்லாம் அவர்கள் செலவு. உண்டியல் காசு மட்டும் கோயிலுக்கு. ஆனாலும் மண்டகப்படிக்குப் போட்டி இருக்கும், சண்டைகூட வரும். காரணம், கௌரவம்.

ஃபிஃபாவும் அப்படித்தான். டிவி உரிமைப் பணம், பெரிய விளம்பரதாரர்கள் கொடுக்கும் பணம் ஃபிஃபாவுக்கு. ஸ்டேடியம், ரோடு, ரயில், போலீஸ் இதெல்லாம் நடத்துகிற நாட்டின் செலவு. வரிவிலக்கு, விசா என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய உத்தரவாதங்கள் தனி. ஒரே ஒரு வித்தியாசம். மண்டகப்படிக்காரர் தன் பையிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறார். இங்கே கையெழுத்துப் போடுவது நாலைந்து பேர், கட்டுவது நாட்டு ஜனம்.

வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 1986 உலகக் கோப்பை கொலம்பியாவுக்கு 1974-லேயே கொடுக்கப்பட்டிருந்தது. 1982 அக்டோபரில் அந்நாட்டு அதிபர் பெலிசாரியோ பெதான்கூர், ஃபிஃபா கேட்கிற ஆடம்பரத்துக்கு எங்களுக்கு நேரமில்லை, செய்ய வேண்டிய வேறு வேலை நிறைய இருக்கிறது என்கிற தொனியில் அறிவித்துவிட்டு விலகினார். போட்டி மெக்சிகோவுக்குப் போனது.

அந்த மெக்சிகோவில்தான் மொராக்கோவை உலகம் திரும்பிப் பார்த்தது. இங்கிலாந்துடன் 0-0, போலந்துடன் 0-0, போர்ச்சுக்கலை 3-1 என்று ஜெயித்துப் பிரிவில் முதலிடம். முதல் சுற்றைத் தாண்டிய முதல் ஆப்பிரிக்க அணி அதுதான். அடுத்த ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் கடைசி நிமிடங்களில் ஒரு ஃப்ரீ கிக்கில் தோற்றார்கள். ஆடி ஜெயிக்க முடிந்தவர்களுக்கு, நடத்தவும் முடியும் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

முதல் இரண்டு தோல்விகள்

1994 போட்டிக்கான ஓட்டெடுப்பு சூரிக் நகரில் 1988 ஜூலை 4 அன்று நடந்தது. தேதியைக் கவனியுங்கள், அமெரிக்காவின் சுதந்திர தினம். அமெரிக்காவுக்கு 10, மொராக்கோவுக்கு 7, பிரேசிலுக்கு 2. மூன்று தடவை கோப்பையை வென்றிருந்த பிரேசிலுக்கு இரண்டே ஓட்டு! மொராக்கோவின் ஸ்டேடியங்களில் பெரும்பாலானவை அப்போது காகிதத்தில்தான் இருந்தன. அமெரிக்காவில் ஸ்டேடியம் இருந்தது, ஆனால் ஒரு உருப்படியான தொழில்முறை லீக் இல்லை. ஃபிஃபா எதைப் பெரிய குறையாக நினைத்தது என்பது முடிவிலேயே தெரிகிறது. போட்டி நடந்தபோது 35 லட்சத்துக்கும் மேல் ரசிகர்கள் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து 1998-க்கு. 1992 ஜூலை 2, அதே சூரிக். பிரான்ஸ் 12, மொராக்கோ 7. 1956 வரை மொராக்கோவை ஆண்டதே பிரான்ஸ்தான் என்பது இதில் ஒரு கூடுதல் வலி.

அந்த 1998 போட்டியில் மொராக்கோ ஆடவும் செய்தது. கடைசிப் பிரிவு ஆட்டத்தில் ஸ்காட்லாந்தை 3-0 என்று துவம்சம் செய்துவிட்டு, அடுத்த சுற்று உறுதி என்று நினைத்த நேரம். வேறொரு ஊரில் நடந்துகொண்டிருந்த ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக நார்வேக்கு ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு பெனால்ட்டி கிடைத்தது. நார்வே 2-1, மொராக்கோ வெளியே. மைதானத்திலும் சரி, ஓட்டெடுப்பிலும் சரி, இவர்கள் தலைவிதி எப்போதும் வேறு யாரோ வேறு எங்கோ எடுத்த முடிவில்தான் போய் நின்றது.

குக்கூ கடிகாரமும் மண்டேலாவும்

2006 போட்டிக்கான ஓட்டெடுப்பு 2000 ஜூலையில். வாக்காளர்கள் மொத்தமே 24 பேர், அதாவது ஃபிஃபாவின் செயற்குழு. முதல் சுற்றில் மொராக்கோவுக்கு விழுந்தது மூன்று. முதலில் வெளியேறிய நாடும் அதுதான். அடுத்த சுற்றில் இங்கிலாந்தும் போனது. கடைசியில் ஜெர்மனியும் தென்னாப்பிரிக்காவும்.

இதற்கு முந்தின இரவு ஒரு கூத்து நடந்தது. டைட்டானிக் என்று ஜெர்மனியில் ஒரு நையாண்டிப் பத்திரிகை. அவர்கள் செயற்குழு உறுப்பினர்கள் சிலர் தங்கியிருந்த ஓட்டலுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார்கள். ஜெர்மனிக்கு ஓட்டுப் போட்டால் ஒரு கூடை நிறைய பிளாக் ஃபாரஸ்ட் இறைச்சியும் ஒரு குக்கூ கடிகாரமும் பரிசு என்று! மறுநாள் கடைசிச் சுற்றில், தென்னாப்பிரிக்காவை ஆதரிப்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட நியூசிலாந்துக்காரர் சார்லஸ் டெம்ப்ஸி, நெருக்கடி தாங்கவில்லை என்று ஓட்டே போடவில்லை. 12-11 என்று ஜெர்மனி ஜெயித்தது. அவர் ஓட்டுப் போட்டிருந்தால் 12-12 ஆகியிருக்கும், தலைவரின் ஓட்டு முடிவு செய்திருக்கும்.

இந்தக் கசப்புக்குப் பிறகுதான் கண்டம் கண்டமாகச் சுழற்சி முறை என்று முடிவானது. 2010 ஆப்பிரிக்காவுக்கு. மொராக்கோவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ஆனால் எதிரில் நின்றது மண்டேலா. 2004 மே 15, சூரிக். தென்னாப்பிரிக்கா 14, மொராக்கோ 10, எகிப்து பூஜ்யம். கோப்பையைக் கையில் ஏந்திய மண்டேலாவின் படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

நிறவெறியை வென்ற நாட்டுக்குக் கொடுத்தது சரிதானே என்றுதான் நாமெல்லாம் நினைத்தோம். நான் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் 2015-ல் வெளிவந்த அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் வேறு சில விஷயங்களையும் சொல்லின. ஃபிஃபா செயற்குழுவில் இருந்த அமெரிக்கர் சக் பிளேஸர், 1998 போட்டிக்கான தேர்விலும் 2010 போட்டிக்கான தேர்விலும் லஞ்சம் கைமாறியதில் தனக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டிருந்தார். குற்றப்பத்திரிகையின்படி, 1998-க்காகப் பணம் தர முன்வந்தது மொராக்கோ தரப்பு. 2010-க்கும் அவர்கள் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்களாம். தென்னாப்பிரிக்கா பக்கமிருந்து 1 கோடி டாலர். தென்னாப்பிரிக்கா அதை லஞ்சம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, கரீபியன் பகுதிக் கால்பந்து வளர்ச்சிக்குக் கொடுத்தது என்றது.

ஆகவே மொராக்கோவை நான் பாவப்பட்ட அப்பாவியாகக் காட்டப் போவதில்லை. சந்தையில் ஏலம் நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஏலத்தில் பேசப்பட்ட பணம் யாருடையது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

134 - 65

2018 ரஷ்யாவுக்கும் 2022 கத்தாருக்கும் கொடுக்கப்பட்ட விதத்தில் எழுந்த நாற்றத்துக்குப் பிறகு, முடிவெடுக்கும் உரிமை 24 பேரிடமிருந்து எல்லா உறுப்பு நாடுகளுக்கும் போனது. 2026 போட்டிக்கான ஓட்டெடுப்பு 2018 ஜூன் 13, மாஸ்கோவில். ஒரு பக்கம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து. இன்னொரு பக்கம் மொராக்கோ தனியாக.

ஃபிஃபாவின் மதிப்பீட்டுக் குழு மார்க் போட்டது. ஐந்துக்கு மூன்று நாட்டுக் கூட்டணிக்கு 4.0, மொராக்கோவுக்கு 2.7. மொராக்கோ சொன்ன 14 ஸ்டேடியங்களில் 9 புதிதாகக் கட்ட வேண்டியவை, மீதி புதுப்பிக்க வேண்டியவை. மொத்தச் செலவு சுமார் 1,600 கோடி டாலர். ஃபிஃபாவுக்கு லாபம் எவ்வளவு என்பதிலும் போட்டி: அவர்கள் 1,100 கோடி டாலர் என்றார்கள், மொராக்கோ 500 கோடி என்றது. 134-65. பழைய எஜமான் பிரான்ஸ் இந்தத் தடவை மொராக்கோவுக்கு ஓட்டுப் போட்டது. அரபு தேசமான சவூதி அமெரிக்காவுக்குப் போட்டது. உறவு வேறு, ஓட்டு வேறு!

தோற்றபோது கிடைத்தது

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கதையின் நல்ல பகுதி இதுதான்.

தோற்ற விண்ணப்பங்களில் சொன்ன சில விஷயங்களை மொராக்கோ பிறகு செய்து முடித்தது. மராகேஷ், தான்ஜியர் நகரங்களின் பெரிய ஸ்டேடியங்கள் இரண்டும் 2011-ல் திறக்கப்பட்டன. அதைவிட முக்கியமாக, ரபாத் பக்கத்தில் ஒரு கால்பந்து அகாடமி தொடங்கப்பட்டது. ஏழைப் பையன்களைப் பொறுக்கியெடுத்துப் படிப்பும் ஆட்டமும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற இடம். யூசுஃப் என்-நெஸிரி, நயிஃப் அகெர்த், அஸ்ஸதீன் ஊனாஹி மூவரும் அங்கே வளர்ந்தவர்கள்.

இன்னொரு பக்கம், வெளிநாட்டில் பிறந்த மொராக்கோக்காரர்கள். 2022 கத்தார் உலகக் கோப்பை அணியில் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். கோல்கீப்பர் பூனு கனடாவில், ஸியேஷ் நெதர்லாந்தில், அஷ்ரஃப் ஹக்கிமி மாட்ரிட்டில். பயிற்சியாளர் வலித் ரெக்ராகி பிரான்சில். ஹக்கிமியின் அம்மா மாட்ரிட்டில் வீட்டுவேலை செய்தவர், அப்பா தெருவில் வியாபாரம் பார்த்தவர். அவரே சொல்லியிருக்கிறார். டிசம்பர் 6 அன்று ஸ்பெயினுக்கு எதிரான பெனால்ட்டி ஷூட் அவுட்டில் கடைசிப் பந்தை, கோல்கீப்பர் ஒரு பக்கம் விழ, நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டாரே, அவர்தான் அது! தான் பிறந்த நாட்டை, தன் பெற்றோர் பிறந்த நாட்டுக்காக.

நம்மைப் போல ஊரை விட்டு வந்து வேறு ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது சும்மா ஒரு விளையாட்டுச் செய்தி அல்ல. புவனேஸ்வரில் வளரும் என் மகள் ஒடியா நன்றாகப் பேசுவாள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். "உன் ஊர் எது?" என்று யாராவது கேட்டால் அவள் கொஞ்சம் யோசிப்பாள். ஹக்கிமி யோசிக்கவில்லை. அல்லது யோசித்துத்தான் முடிவெடுத்தாரோ என்னவோ.

போர்ச்சுக்கலை என்-நெஸிரியின் ஒரே கோலில் வென்று, அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி ஆனார்கள். கேட்டுக் கேட்டுக் கிடைக்காத மரியாதை, அகாடமியில் வளர்ந்த ஒரு பையனின் தலையிலும் வீட்டுவேலை செய்த ஒரு அம்மாவின் மகன் காலிலும் இருந்து வந்தது.

கலிங்கா ஸ்டேடியத்தில் ஒரு ராத்திரி

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2022 அக்டோபர் 14 அன்று, மொராக்கோ இங்கேயே வந்து ஆடியது. 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை. நடத்தும் நாடு இந்தியா, நம் அணி ஆடியதெல்லாம் புவனேஸ்வரில். அந்த வாய்ப்பே ஆகஸ்டில் கைநழுவப் பார்த்தது. நம் கால்பந்துச் சங்க நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா நம்மைத் தடை செய்தது. பத்துப் பதினைந்து நாள் பதற்றத்துக்குப் பிறகு விலக்கியது.

மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மொராக்கோ 3, இந்தியா 0. திரும்பும்போது "அப்பா, அவங்களுக்கும் கை தட்டினேன், தப்பா?" என்றாள். தப்பே இல்லை என்றேன்.

அந்த நாட்களில் பேப்பரில் வந்த ஒரு செய்தி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நம் அணித் தலைவி ஜார்க்கண்டில் ஒரு சின்ன கிராமத்துப் பெண். அவர் புகழ் பெற்றதும் அரசாங்கம் அந்தக் கிராமத்துக்கு அவர் பெயரில் ரோடு போட்டது. அந்த ரோடு வேலையில் தினக்கூலிக்கு மண் சுமந்தவர்களில் அவருடைய அப்பா அம்மாவும் இருந்தார்கள். மகள் உலகக் கோப்பையில் தலைவி, பெற்றோர் அவள் பெயரில் போடும் ரோட்டில் கூலி. உலகக் கோப்பை வராமலிருந்தால் அந்த ரோடும் வந்திருக்காது என்று சந்தோஷப்படுவதா, ஒரு ரோடு வருவதற்கு உலகக் கோப்பை வரை போக வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுவதா?

ஓட்டே இல்லாமல்

ஆறாவது விண்ணப்பத்துக்கு வருவோம். 2023 மார்ச்சில் மொராக்கோ, ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்த ஸ்பெயின்-போர்ச்சுக்கல் கூட்டணியில் சேர்ந்தது. அந்த அக்டோபரில் ஃபிஃபா இன்னொரு சமரசமும் செய்தது. முதல் உலகக் கோப்பையின் நூற்றாண்டு என்பதால் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே மூன்றிலும் தலா ஒரு ஆட்டம். எதிராளியாக யாரும் மிஞ்சவில்லை. 2024 டிசம்பரில் கைதட்டியே நிறைவேற்றிவிட்டார்கள். ஓட்டுகளை எண்ணி எண்ணி ஐந்து தடவை தோற்ற நாடு, எண்ணுவதற்கு ஓட்டே இல்லாதபோது ஜெயித்தது.

வேலைகள் மும்முரமாயின. காசாபிளாங்கா பக்கத்தில் 1,15,000 பேர் உட்காரக்கூடிய ஸ்டேடியம் திட்டமிடப்பட்டது. ரபாத்தில் பழையதை இடித்துக் கட்டிய புது ஸ்டேடியம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

அதே நேரம் அகாதிர் நகரத்து அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்துகொண்ட எட்டுப் பெண்கள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள் என்ற செய்தி வந்தது. அகாதிரும் 2030 ஆட்டங்கள் நடக்கவிருக்கும் நகரம்தான். செப்டம்பர் 27 அன்று இளைஞர்கள் பல ஊர்களில் தெருவுக்கு வந்தார்கள். ஜென் ஸீ 212 என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 212 அந்த நாட்டு டெலிபோன் எண். தலைவர் என்று யாரும் இல்லை, இணையத்தில் பேசி முடிவு செய்தார்கள். முக்கியமாகக் கேட்டது இரண்டு: நல்ல ஆஸ்பத்திரி, நல்ல பள்ளிக்கூடம். அக்டோபர் 1 அன்று அகாதிர் அருகே துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அதே மாதம், அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் ஆரோக்கியத்துக்கும் கல்விக்கும் 14,000 கோடி திர்ஹாம், 27,000 வேலையிடங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது.

அந்தப் பிள்ளைகள் கால்பந்தை வெறுப்பவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2022-ல் ஹக்கிமிக்காக விடிய விடியக் கொண்டாடிய தலைமுறைதான் அது. மண்டகப்படி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்றார்கள். 1988-ல் இந்தக் கேள்வி கேட்க ஆள் இல்லை. அகாடமியும் அணியும் வளர்ந்த அதே காலத்தில் இதைக் கேட்கிற தலைமுறையும் வளர்ந்துவிட்டது. என்னைக் கேட்டால், மொராக்கோ வாங்கிய பெரிய கோப்பை இதுதான்.

நமக்கும் ஒரு 2030 இருக்கிறது. அந்த ஆண்டு காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்தில் என்று 2025 நவம்பரில் முடிவானது. 2036 ஒலிம்பிக்ஸுக்கும் இந்தியா விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறது. வரட்டும், நல்லது. நானே குடும்பத்தோடு டிக்கெட் வாங்கிப் போவேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மொத்தம் எவ்வளவு, யார் தருவது, எந்தச் செலவு தள்ளிப்போகிறது, போட்டி முடிந்த மறுநாள் அந்த மைதானத்துக்குள் எந்தப் பிள்ளைகளை விடுவார்கள்? மொராக்கோ அதைக் கேட்க முப்பத்தேழு வருடமும் மூன்று உயிரும் ஆயின. நாம் கொஞ்சம் சீக்கிரமாகக் கேட்கலாம்.